நாற்பத்தோரு ஊறுகாய்ப் போத்தல்கள்

காதர் பாய் நாலு அரிசியை முன்பல்லில் வைத்துக் கடித்தார். சத்தம் வரவில்லை.

காய்ந்த அரிசி என்றால் ‘கடுக்’கென்று ஒடிய வேண்டும். இது மெத்தென்று நசுங்கியது. அவர் முகத்தைப் பார்த்தே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குத்தூசியைத் தோள் துண்டில் துடைத்தார். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே குத்தி அரிசி எடுக்கும் கூர்முனைக் குழாய்தான் குத்தூசி. மலாக்காவின் மெர்லிமாவில் பெரிய சடக்கில், அதாவது மெயின் ரோட்டில், மூன்று தலைமுறையாக அரிசிக்கடை வைத்திருப்பவர் பாய். அந்தக் குழாய் இல்லாமல் அவர் வீட்டை விட்டுக் கிளம்பி நான் பார்த்ததில்லை.

“தலைவரே, இது தைப்பூசத்தத் தாண்டாது லா. சித்திரைக்கு நீங்க வேற அரிசி பாத்துக்கங்க,” என்றார்.

தீபாவளி முடிந்த மழைக்காலம் அது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் சமையல் குசினிக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் அறையில் நாங்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். பாய், கோவில் தலைவர், ஸ்டோர் சாவியை இடுப்பில் செருகியிருந்த நான்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். ஓய்வு பெறும்வரை லாரி ஓட்டியவர். அவர் பேசினாலே ஹார்ன் அடித்த மாதிரி இருக்கும்.

“கேட்டியா தனம்? பாயே சொல்லிட்டாரு. இனிமே என்ன பேச்சு?”

“பாய் கடிச்சது ஒரு மூட்டை தலைவரே. இங்க நாப்பத்தோரு மூட்டை இருக்கு. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. இது ஒரு பானை இல்ல, நாப்பத்தோரு பானை.”

வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு அதை நான் சொல்லவேண்டியதில்லை.

ரசத்தில் நீந்தியவர்

பாயை அங்கே கூட்டிவந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தைய சித்திரைத் திருவிழாவில் அன்னதானச் சோற்றில் வண்டு. ஒருவர் இலையில் ரசத்துக்குள் அது சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்ததை யாரோ கைப்பேசியில் படம் பிடித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் அந்த வண்டு மலாக்கா மாநிலம் முழுக்கப் பிரபலம். உம்பாயில் மீன்கடை வைத்திருக்கும் என் அக்கா மகள் கூட எனக்கே அதை அனுப்பி, “சின்னம்மா, இது உங்க கோயில் தானே?” என்று கேட்டாள்.

அன்றைக்குப் பாதி இலையோடு எழுந்து போனவர்களின் முதுகை நான் மறக்கவில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது. அவமானமும் என்னுடையதுதான்.

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. நேர்த்தி வைத்தவர்கள் அரிசி மூட்டை கொண்டுவந்து கொடுப்பார்கள். மூட்டையின் மேல் கறுப்பு மார்க்கரில் குடும்பத்தின் பெயர் எழுதப்படும். அந்த மூட்டை சித்திரைத் திருவிழா அன்றுதான் உலையில் ஏறவேண்டும். அதற்கு முன்னால் தொடக்கூடாது. ஆடியில் கொடுத்தாலும் அதே நாள், பங்குனியில் கொடுத்தாலும் அதே நாள்.

அரிசிக்கடையில் பழைய மூட்டை முதலில் போகும், புதியது பிறகு போகும். எங்கள் கோவிலில் எல்லா மூட்டையும் ஒரே நாளுக்காகக் காத்துக் கிடக்கும். எட்டு மாதம் கிடந்ததும், எட்டு நாள் கிடந்ததும் ஒன்றாக உலையில் விழும். ஒரு மூட்டையில் வண்டு இருந்தால் போதும், பக்கத்து மூட்டைக்குக் குடிபோய்விடும். திருவிழா அன்று ஒவ்வொரு குடும்பமும் குசினிப் பக்கம் வந்து, “நம்ம மூட்டை ஏறிருச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் சாமி கும்பிடப் போகும். அவர்களிடம் போய் உங்கள் மூட்டையை மாசியிலேயே சமைத்துவிட்டோம் என்று யார் சொல்வது?

வண்டு விவகாரத்துக்குப் பிறகு செயற்குழுவில் பேச்சு கிளம்பியது. டுரியான் துங்காலிலிருந்து ஒரு கேட்டரிங்காரர், அன்னதானம் முழுவதையும் தானே சமைத்து வேனில் கொண்டுவந்து இறக்கிவிடுவதாகச் சொன்னார். தலைவருக்கு அது பிடித்துப்போனது. அப்படி நடந்தால் மூட்டை வேண்டாம், பெயர் வேண்டாம், உலை வேண்டாம். குசினியில் நாற்காலி அடுக்கி வைத்துக்கொள்ளலாம்.

அதனால்தான் அன்றைக்கு அந்த மழையில் நான் வாயை விட்டேன்.

“எந்த மூட்டை சித்திரை வரைக்கும் தாங்கும், எது தாங்காதுன்னு நான் தைப்பூசத்துக்கு முன்னாடி எழுதி இந்தக் கதவுல ஒட்டறேன். நான் தாங்கும்னு சொன்ன மூட்டையில ஒண்ணு கெட்டாலும் சாவி உங்க மேசையில இருக்கும். அப்புறம் நீங்க யாரையாவது கூட்டிட்டு வந்து சமைச்சுக்கங்க.”

தலைவர் பாயைப் பார்த்தார். பாய் தலையை ஆட்டினார். “தங்கச்சி, நாப்பது வருஷமா அரிசி விக்கிறேன். ஆறு மாசம் தள்ளி என்ன ஆகும்னு எனக்கே சொல்லத் தெரியாது லா.”

“எனக்குத் தெரியும் பாய்,” என்றேன்.

தெரியாது. ஆனால் எங்கே தொடங்கவேண்டும் என்று மட்டும் தெரியும்.

சூட்டு அறை

முப்பது வருடம் நான் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். நீல மேலங்கி, தலையில் தொப்பி, கண் மட்டும் வெளியே. விரல் நகத்தில் பாதி அளவுள்ள சில்லுகள். அது பத்து வருடம் உழைக்குமா என்று வாங்குபவன் கேட்பான். பத்து வருடம் காத்திருந்தா பதில் சொல்லமுடியும்?

அதற்குத்தான் சூட்டு அறை. சில்லுகளைக் கொதிக்கிற சூட்டில் நாள்கணக்கில் வைப்போம். நோஞ்சான்கள் முதலிலேயே செத்துவிடும். மிஞ்சியவை வெளியே எத்தனை காலம் உழைக்கும் என்று கணக்குப் போடலாம். சூட்டில் ஒரு நாள், வெளியே பல மாதத்துக்குச் சமம். இந்த ஒன்றை வைத்துத்தான் என் பிள்ளைகள் இரண்டு பேரும் படித்தார்கள்.

அனுப்பும்போது ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சின்ன அட்டை போடுவோம். அதில் நீலப் பொட்டு இருக்கும். பைக்குள் ஈரம் புகுந்தால் பொட்டு இளஞ்சிவப்பாகிவிடும். முதல் நாள் வேலைக்குப் போனபோது எனக்கு வயது பத்தொன்பது. அந்தப் பொட்டு நிறம் மாறியதைப் பார்த்துப் பயந்து, நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று கழிப்பறையில் போய் அழுதேன். மேற்பார்வையாளர் ஒரு மலாய்க்கார அக்கா. வெளியே நின்று கதவைத் தட்டி, “அது கெட்டுப்போச்சுன்னு சொல்லலை, எச்சரிக்கை பண்ணுது. அதுக்கு நன்றி சொல்லு,” என்று மலாயில் சொன்னார். அது எதற்கெல்லாம் உதவும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அரிசியில் வைக்க நீலப் பொட்டுக்கு எங்கே போவது? சமையலறையில்தான் கிடைத்தது. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் உப்பு ஒட்டிக்கொள்கிறதே, அதுதான் பொட்டு. உப்பை வாணலியில் வறுத்து ஈரத்தைப் போக்கி ஆறவைத்தேன். காய்ந்த போத்தலில் ஒரு பிடி அரிசி, ஒரு கரண்டி உப்பு. மூடி நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வைத்தால் போதும். உப்பு போத்தலின் சுவரில் ஒட்டினால் அரிசியில் ஈரம் அதிகம். பொலபொலவென்று கீழே விழுந்தால் அரிசி காய்ந்தது.

தெரிந்தவர்கள் வீடெல்லாம் போய்க் காலி ஊறுகாய்ப் போத்தல் கேட்டேன். “தனம் ஊறுகாய் யாவாரம் ஆரம்பிச்சிட்டா” என்று நாங்கள் குடியிருக்கும் தாமான் முழுக்கப் பேச்சு. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். நாற்பத்தோரு போத்தலைக் கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி, ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி அரிசி எடுத்துப் போட்டேன். குத்தூசி யாருடையது என்கிறீர்கள்? பாயுடையதுதான். நான் தோற்கப்போவதை அருகிலிருந்து பார்க்கும் ஆசையில் இரவல் கொடுத்தார்.

உப்பு பரீட்சையில் ஏழு பேர் உடனே மாட்டிக்கொண்டார்கள். ஆனால் ஈரம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லவேண்டும். அதற்குச் சூட்டு அறை வேண்டும்.

குசினியில் பெரிய அடுப்புக்கு மேலே, தகரக் கூரையை ஒட்டி ஒரு பலகைத் தட்டு இருந்தது. பழைய குத்துவிளக்குகள் தூங்கும் இடம். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், நாற்பத்தைந்தைத் தாண்டியது. உப்பையும் அரிசியையும் கொட்டிவிட்டு, அந்தந்த மூட்டையிலிருந்து புதிதாக ஒரு பிடி போட்டு, போத்தல்களை அங்கே அடுக்கினேன்.

கணக்கு இப்படி: என் வீட்டு அரிசியைத் திறந்து வைத்து, கடித்தால் சத்தம் வராத அளவுக்கு மழைக்காற்றில் ஈரமாக்கினேன். அதை இரண்டு போத்தலில் பிரித்து, ஒன்றைத் தட்டிலும் ஒன்றைக் கீழே ஸ்டோர் அறையிலும் வைத்தேன். தட்டில் இருந்தது ஒரு வாரத்தில் பூசண வாடை அடித்தது. கீழே இருந்தது அதே வாடைக்கு ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. ஆக, தட்டில் ஒரு வாரம், ஸ்டோரில் ஐந்து வாரம். அந்த மழை நாளிலிருந்து சித்திரைத் திருவிழாவுக்கு இருபத்திரண்டு வாரம். தட்டில் ஐந்து வாரம் வாடை இல்லாமல் தாக்குப்பிடித்த அரிசி திருவிழாவைப் பார்க்கும். நான் பயந்தவள், ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டேன்.

பாய் சிரித்த சிரிப்பு

இங்கேதான் எனக்கு ஒரு குட்டு விழுந்தது.

நாலு வாரம் போயும் ஒரு போத்தலில்கூட வண்டு இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கோவில் வாட்சப் குழுவில், ‘நாற்பத்தோரு மூட்டையிலும் வண்டு கிடையாது. சோதித்துவிட்டேன். இப்படிக்கு, தனம்’ என்று போட்டேன். நாலைந்து பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

மறுநாள் காலை பாய் தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தட்டை ஏறிட்டுப் பார்த்தார். கையை நீட்டித் தகரத்தைத் தொட்டார், சட்டென்று எடுத்துக்கொண்டார். பிறகு சிரித்தார் பாருங்கள், குசினியில் பசியாறிக்கொண்டிருந்த பூசாரி தோசையோடு எழுந்து வந்துவிட்டார்.

“தங்கச்சி, வண்டு என்னா ஒங்க பேக்டரி சாமானா? இந்தச் சூட்டுல முட்டையே அவிஞ்சு போயிரும் லா! செத்த வண்டு எப்படி வெளிய வரும்?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தொழிற்சாலையில் சூடு ஏற ஏற நோஞ்சான் செத்து விழும், நமக்கு உண்மை தெரியும். இங்கே சூடு ஏறினால் திருடனே செத்துவிடுகிறான், வீடு சுத்தமாகத் தெரிகிறது. முப்பது வருட அனுபவம் என்று மார்தட்டிக்கொண்டு அதே அனுபவத்தில் தடுக்கி விழுந்திருக்கிறேன்.

“அப்ப என்ன செய்யணும் பாய்?” என்று கேட்டேன்.

“அரிசிக்குள்ள முட்டை இருந்தா, நம்ம ஊரு சாதாரண சூட்டுல ஒரு மாசத்துல வண்டாகி வெளிய வந்துரும். மூடி வச்சு காத்திரு. சந்தேகத்துக்குப் பத்து நாள் சேத்துக்க. அதுக்கு மேலயும் ஒண்ணும் வரலன்னா உள்ள ஒண்ணும் இல்ல. அப்புறம் வெளிய இருந்து வராமப் பாத்துக்கிட்டாப் போதும்.”

நான் ஒரு மண்டலமே வைத்துவிட்டேன். நாற்பத்தெட்டு நாள். மறுபடியும் ஒரு பிடி வீதம் எடுத்து, இந்த முறை வேறு நாற்பத்தோரு போத்தல்களில் போட்டு என் வீட்டு வரவேற்பறையில் அடுக்கினேன். என் வீட்டுக்காரர் தொலைக்காட்சிக்கும் தனக்கும் நடுவில் நாற்பத்தோரு குடும்பத்தின் அரிசியை வைத்துக்கொண்டு செய்தி கேட்டார். தட்டிலிருந்த போத்தல்களையும் விடவில்லை. வாடைக்குச் சூடு, வண்டுக்குப் பொறுமை. வாட்சப் குழுவில், ‘நேற்றுச் சொன்னது தவறு. பொறுத்திருக்கவும்’ என்று எழுதினேன். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

முப்பத்தோராவது நாள் காலை இரண்டு போத்தல்களில் வண்டு ஊர்ந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷத்தில் கத்தியதை என் வீட்டுக்காரர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். வண்டைக் கண்டு குதித்த பெண்பிள்ளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பச்சையம்மாவின் ஒரு பிடி

தைப்பூசத்துக்கு முன்பாகக் கதவில் பட்டியல் ஒட்டினேன். நாற்பத்தோரு பெயர், பக்கத்திலேயே மாதம். சிலருக்கு ‘ஆனி வரை’, சிலருக்கு ‘ஆடி வரை’. முப்பத்திரண்டு மூட்டை சித்திரையைத் தாண்டும். ஒன்பது மூட்டை தாண்டாது: ஈரத்தில் ஏழு, வண்டில் இரண்டு. “அம்மன் கோயில் அரிசிக்கும் காலாவதித் தேதி வந்துருச்சு” என்று கேலி செய்தார்கள். தலைவர் பட்டியலைப் படம் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இனி அந்த ஒன்பது குடும்பத்திடம் பேசவேண்டும். இப்போது நல்லாத்தான் இருக்கிறது, தைப்பூச அன்னதானத்திலேயே சமைத்துவிடலாம் என்று சொல்லவேண்டும். எட்டு குடும்பம் முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டது. பச்சையம்மா மட்டும் என் வீட்டுக்கே வந்து முடியவே முடியாது என்றாள்.

பச்சையம்மா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குபவள். போன வருடம் அவள் கணவர் மேல் டிராக்டர் சாய்ந்து இரண்டு காலும் நசுங்கிப்போனது. இனி நடப்பது சந்தேகம் என்றார்கள். அடுத்த சித்திரைக்கு அவர் தன் காலால் நடந்து வந்து குசினி வாசலில் நிற்கவேண்டும், அன்றைக்குத் தன் அரிசி உலையில் வேகவேண்டும் என்று நேர்ந்துகொண்டு அவள் கொண்டுவந்த மூட்டை அது. பாய் முதல் நாள் கடித்தாரே, சத்தம் வராத மூட்டை, அதேதான். அடைமழையில் மோட்டாருக்குப் பின்னால் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

“தனம் அக்கா, அவரு இப்ப கம்பு ஊனி நாலு அடி வைக்கிறாரு. சித்திரைக்குள்ள நடந்துருவாரு. அன்னிக்கு என் அரிசி அங்க இல்லன்னா எப்படிக்கா?”

“இருந்தா நாத்தம் அடிக்கும்மா. தட்டுல மூணு வாரந்தான் தாங்குச்சு. அப்படின்னா ஸ்டோர்ல பதினஞ்சு வாரம். தைப்பூசந்தான் அதுக்குக் கடைசி.”

“வேற மூட்டை வாங்கித் தரவா?”

“தரலாம். ஆனா நேந்துக்கிட்ட அரிசி அது இல்லையேன்னு நீயே பின்னால அழுவ.”

எனக்கும் மனசு கேட்கவில்லை. கணக்கு என் பக்கம்தான் இருந்தது, ஆனால் அவளை ஜெயித்து எனக்கு என்ன ஆகப்போகிறது? அப்போது அவள் கண் என் வீட்டு வரவேற்பறையில் வரிசையாக இருந்த போத்தல்கள் மேல் போனது. தன் பெயர் எழுதியதை எடுத்தாள்.

“இதுல இருக்கறது என் மூட்டை அரிசிதானேக்கா?”

“ஆமா.”

“ஒரு பிடின்னா வெயில்ல காயவச்சு எடுத்துறலாம் இல்ல?”

ஒரு மூட்டையைக் காப்பாற்ற முடியாது. ஒரு பிடியைக் காப்பாற்ற ஒரு முறம் போதும். ஒன்றரை மாதமாக அந்தப் போத்தல்களுக்கு நடுவில் நடமாடிக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவில்லை.

ஒன்பது குடும்பத்துக்கும் அப்படியே செய்தோம். மூட்டைகள் தைப்பூசத்தில் வெந்தன, வண்டு இருந்தவை மட்டும் சலித்து வெயிலில் போட்ட பிறகு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி கலகலவென்று காய்ந்து, உப்பு ஒட்டாத போத்தலில் அடைபட்டு அவரவர் வீட்டுக்குப் போனது. திருவிழா அன்று அவரவர் கையாலேயே உலையில் போடுவது என்று முடிவு.

மிச்ச முப்பத்திரண்டு மூட்டைக்கும் தடித்த பிளாஸ்டிக் உறை போட்டு, வாயைக் கட்டி, பலகை மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினேன்.

கடுக், கடுக்

திருவிழா அன்று விடிந்ததும் தலைவர் ஸ்டோர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பாய் தன் குத்தூசியோடு வந்திருந்தார். பின்னால் குசினிப் பெண்கள், மூட்டைக்காரர்கள் என்று ஒரே கூட்டம். பந்தயம் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிருந்தது.

முதல் மூட்டை. பாய் குத்தினார், ஊதினார், கடித்தார்.

கடுக்.

இரண்டாவது, கடுக். மூன்றாவது, கடுக். பத்தைத் தாண்டியதும் பெண்கள் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். இருபதுக்கு மேல் பாய்க்குப் பல் வலி எடுத்திருக்கும், ஆனாலும் விடவில்லை. “முப்பது! முப்பத்தொண்ணு!” முப்பத்திரண்டாவது மூட்டையின் அரிசியை அவர் கடித்த சத்தம் கோவில் மேளத்தையும் மீறிக் கேட்டது என்று நான் சொன்னால் மிகை என்பீர்கள். எனக்குக் கேட்டது.

வாடை இல்லை, வண்டு இல்லை. முப்பத்திரண்டும் நான் சொன்னபடி. பெண்கள் கைதட்டினார்கள். நான் தலைவரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் திமிர் இருந்திருக்கும், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

“சுவத்துப் பக்கம் இன்னொண்ணு இருக்கே,” என்றார் பாய்.

ஆமாம், இருந்தது. நாற்பத்திரண்டாவது மூட்டை. மாசியில் வந்தது. பாய் கடையிலேயே பார்த்துப் பார்த்து வாங்கிய உயர்ந்த அரிசி. வரும்போதே கடுக்கென்று ஒடிந்தது, இதற்கு எதற்குப் போத்தல் என்று விட்டுவிட்டேன். பலகையில் இடம் இல்லை, அதனால் சுவரோரம் சாய்த்து வைத்தேன். உறை போட நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ‘நாளை’ வரவே இல்லை.

பாய் அடிப்பக்கம் குத்தினார். கடித்தார். சத்தம் வரவில்லை. குத்தூசியில் பழுப்பு நிறக் கட்டி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. சுவர் வழியாக இறங்கிய மழைநீரை மூட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

“இது யாரு மூட்டை?” என்றார் தலைவர்.

மூட்டையைத் திருப்பினால் கறுப்பு மார்க்கரில் என் பெயர். என் கையெழுத்து.

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி என்பார்கள். அது எனக்காகவே செய்த பழமொழி. நாற்பத்தோரு வீட்டு அரிசிக்கு ஜாதகம் கணித்தவள், என் அரிசியைச் சுவரோரம் போட்டுவிட்டேன். எனக்குக் காது சூடானது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தலைவர் நாற்காலியின் கையில் வைத்தேன்.

“கெட்ட மூட்டை ஒண்ணு இருக்கு தலைவரே. சொன்ன சொல் சொன்னதுதான்.”

தலைவர் சாவியைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்து, தைப்பூசத்துக்கு முன் பிடித்த அந்தப் படத்தைப் பெரிதாக்கி மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். இத்தனை பொறுமையாக அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

“ஒன் பேரு இதுல இல்லையே.”

“மாசியில வந்தது.”

பாய் குறுக்கே வந்தார். “தலைவரே, தாங்கும்னு தங்கச்சி எழுதிக் குடுத்தது முப்பத்திரண்டு. என் பல்லே சாட்சி, முப்பத்திரண்டும் தாங்குச்சு. எழுதாத மூட்டைக்கு எப்படி லா தண்டனை? போத்தல்ல போட்டது பூரா பொழைச்சுச்சு, போடாதது செத்துச்சு. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்? எனக்கே ஒரு டஜன் போத்தல் வேணும், கடைக்கு.”

தலைவர் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“கேட்டரிங்காரனுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன். ஆனா ஒண்ணு தனம், இனிமே ஒன் மூட்டைய நான் சோதிப்பேன்.”

குசினிப் பெண்கள் போட்ட கூச்சலில் மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் உலை கொதித்தது. ஒன்பது குடும்பமும் தங்கள் போத்தலோடு வரிசையில் நின்றன. பச்சையம்மா கடைசியாக வந்தாள். அவள் பக்கத்தில் அவள் கணவர். கம்பு ஒரு கையில் இருந்தது, ஆனால் அவர் அதை ஊன்றவில்லை, சும்மா பிடித்திருந்தார். குசினிப் படியைத் தானே ஏறினார்.

பச்சையம்மா போத்தலைத் திறந்து, உள்ளங்கையில் பாதி அரிசியைக் கொட்டி உலையில் போட்டாள்.

“இது எங்க வீட்டுக்காரரு பேர்ல.”

மீதிப் பாதியைக் கையில் கொட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“இது தனம் அக்கா பேர்ல.”

நான் தடுக்க வாயெடுப்பதற்குள் அரிசி உலைக்குள் போய்விட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். அந்தக் கொதிக்கும் ஆவிக்குப் பின்னால் நான் நன்றாக அழுதேன். ஜெயித்த அழுகைதான், வேறொன்றும் இல்லை. அன்றைக்கு ஒரு இலைகூட மிச்சத்தோடு எழவில்லை.

இந்த வருடம் தீபாவளி மழை தொடங்கியதும் மறுபடியும் போத்தல் அடுக்க ஆரம்பித்தேன். முதல் போத்தலில் என் பெயரை எழுதி, தலைவர் வந்து தன் கையால் அரிசி போடும்வரை காத்திருந்தேன்.